லாஜிக் கைவிட்ட நாடும் ஒரு பதினேழு வயசுப் பொண்ணும்

நாலு வருஷமா நமக்கு இங்கே சொல்லித் தரப்படுவது ஒரே விஷயம்தான். டேட்டாவைப் பார், கணக்குப் போடு, அப்புறம் முடிவு எடு. கனவில் சாமி வந்து சொன்னது, மனசுக்குள் ஏதோ குரல் கேட்டது, இதையெல்லாம் லேப் ரெக்கார்டில் எழுத முடியாது. எழுதினால் கையெழுத்து கிடைக்காது. ரொம்பச் சரியான விஷயம்தான், அதில் சண்டை இல்லை.

ஆனால் வரலாற்றில் சில இடங்கள் இருக்கின்றன. அங்கே ஒழுங்காகக் கணக்குப் போட்ட எல்லாரும் ஆட்டம் முடிந்தது என்று கையை விரித்துவிட்டார்கள். கணக்கே தெரியாத, எழுதப் படிக்கவும் தெரியாத ஒருத்தி வந்து, இல்லை, முடியவில்லை என்று நின்றாள். அவள் சொன்ன காரணம் நம்மில் யாரும் ஏற்றுக்கொள்ளும் காரணமே இல்லை. ஆனாலும் அந்த நாடு பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை.

ஜோன் ஆஃப் ஆர்க் பெயரை எல்லாரும் கேட்டிருப்போம். கவசம் போட்டு, கையில் கொடியோடு குதிரை மேல் இருக்கும் படம், கடைசியில் எரித்துவிட்டார்கள் என்ற தகவல், அவ்வளவுதான் நிறைய பேருக்குத் தெரியும். முழுக் கதையையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தால், ஒரு நாகரிகம் எதை வைத்து நிற்கிறது என்ற கேள்விக்குக் கொஞ்சம் சங்கடமான பதில் கிடைக்கும்.

கண்ணாடி ராஜா

1337-ல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஆரம்பித்த சண்டைதான் நூறாண்டுப் போர். பெயர்தான் நூறு, உண்மையில் 1453 வரை 116 வருஷம் விட்டு விட்டு நடந்தது. பிரான்ஸின் அரியணை யாருக்கு என்பதுதான் பிரச்சினை. கிரெஸி (1346), புவாத்தியே (1356), அஜின்கோர் (1415) என்று பெரிய சண்டை எல்லாவற்றிலும் பிரான்ஸ் உதை வாங்கியது. இங்கிலாந்தின் நீள வில்லுக்கு முன்னால் பிரெஞ்சுப் பிரபுக்களின் குதிரைப்படை நிற்க முடியவில்லை.

இதற்கு நடுவில் பிரான்ஸை ஆண்ட ஆறாம் சார்லஸுக்கு மனநோய். தன் உடம்பு கண்ணாடியால் ஆனது, யாராவது தொட்டால் நொறுங்கிவிடுவேன் என்று அவர் நம்பினார். உடையாமல் இருக்க உடுப்புக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜா இப்படி இருந்ததால் உறவினர்களுக்குள் அதிகாரப் போட்டி வந்தது. 1419-ல் பேச்சுவார்த்தைக்கு வந்த பர்கண்டி பிரபு, இளவரசன் சார்லஸின் ஆட்களால் பாலத்தின் மேலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கோபத்தில் பர்கண்டி மொத்தமும் இங்கிலாந்து பக்கம் போய்விட்டது.

அடுத்த வருஷம், 1420-ல், த்ருவா ஒப்பந்தம். கண்ணாடி ராஜா தன் மகளை இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றிக்குக் கட்டிக்கொடுத்து, தன் காலத்துக்குப் பிறகு பிரான்ஸும் அவருக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சொந்த மகன் சார்லஸுக்கு ஒன்றும் இல்லை. 1422-ல் ரெண்டு ராஜாக்களும் ரெண்டு மாச இடைவெளியில் செத்துப்போக, ஒன்பது மாசக் குழந்தை ஆறாம் ஹென்றி ரெண்டு நாட்டுக்கும் ராஜா ஆனான். பாரிஸ் அவர்கள் கையில். பல்கலைக்கழகம் அவர்கள் கையில். மகுடம் சூட்டும் ரைம்ஸ் நகரமும் அவர்கள் பக்கம். ஒதுக்கப்பட்ட இளவரசன் சார்லஸ் லுவார் நதிக்குத் தெற்கே பூர்ழ் என்ற ஊரில் உட்கார்ந்திருந்தான். எதிரிகள் அவனை பூர்ழ் ராஜா என்று கிண்டல் செய்தார்கள். தான் நிஜமாகவே அப்பாவுக்குப் பிறந்தவன்தானா என்ற வதந்தி வேறு அவனைத் தின்றுகொண்டிருந்தது.

1428 அக்டோபரில் இங்கிலாந்து படை ஓர்லியான்ஸ் நகரத்தை முற்றுகை போட்டது. லுவார் நதியில் இருக்கும் முக்கியமான நகரம் அது. அது விழுந்தால் தெற்கே போக வழி திறந்துவிடும். 1429 பிப்ரவரி 12 அன்று, முற்றுகைப் படைக்கு உப்பு மீன் ஏற்றிப் போன சுமார் 300 வண்டிகளைப் பிடிக்கப் போன பிரெஞ்சு - ஸ்காட்லாந்து கூட்டுப் படை அதிலும் தோற்றது. ராணுவத்தோடு மோதித் தோற்றால் பரவாயில்லை, மளிகை வண்டியிடம் தோற்றால் என்ன செய்வது? வரலாற்றில் இதற்கு மீன் சண்டை என்றே பெயர்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. எண்பது வருஷத்துக்கும் மேலாகப் பெரிய சண்டைகளில் தோல்வி. காலிக் கஜானா. சந்தேகப் பேர்வழியான ஒரு இளவரசன். எந்த மாடலில் போட்டு ஓட்டினாலும் ரிசல்ட் ஒண்ணுதான் வரும்.

தோட்டத்தில் கேட்ட குரல்

கிழக்கு ஓரத்தில், மியூஸ் நதிக்கரையில் தொம்ரெமி என்று ஒரு கிராமம். அங்கே ஜாக் தார்க், இசபெல் ரோமே என்ற விவசாயத் தம்பதிக்கு 1412 வாக்கில் பிறந்தவள் ஜோன். நூல் நூற்பாள், தைப்பாள், மாடு மேய்ப்பாள், சர்ச்சுக்குப் போவாள். அக்கம்பக்கம் பர்கண்டி ஆட்கள். இளவரசன் பக்கம் நின்ற இந்தக் கிராமத்தை அவர்கள் அடிக்கடி வந்து கொளுத்தினார்கள். 1428-ல் ஊரே ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஓடியது. திரும்பி வந்தபோது சர்ச் கருகிக் கிடந்தது. ஆக அவளுக்குப் போர் என்பது எங்கேயோ பாரிஸில் நடக்கும் அரசியல் கிடையாது, வீட்டு வாசலில் நடப்பது.

பதிமூன்று வயசில், ஒரு வெயில் கால மத்தியானம், அப்பாவின் தோட்டத்தில் அவளுக்கு முதல் முறையாக ஒரு குரல் கேட்டது. கூடவே வெளிச்சம். முதலில் பயந்தாள். பிறகு அது புனித மிக்கேல் என்றும், அப்புறம் வந்தவர்கள் புனித கேத்தரின், புனித மார்கரெட் என்றும் நம்பினாள். ஆரம்பத்தில் நல்ல பெண்ணாக இரு, சர்ச்சுக்குப் போ என்று மட்டும் சொன்ன குரல்கள், போகப்போக வேறு விஷயம் பேச ஆரம்பித்தன. இளவரசனிடம் போ, அவனை ரைம்ஸுக்குக் கூட்டிப்போய் மகுடம் சூட்டு.

இன்றைக்கு யாராவது இப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? டாக்டரிடம் கூட்டிப் போவோம். வலிப்பு நோய், மனப்பிறழ்ச்சி என்று இப்போதும் டாக்டர்கள் அவளுக்கு டயக்னோசிஸ் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். குரல் எங்கிருந்து வந்தது என்பதை விட, கேட்டவள் என்ன செய்தாள், அதைச் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அதே நாட்டிலேயே ஒரு ராஜா தன்னைக் கண்ணாடி என்று நம்பி நாட்டைத் தொலைத்திருந்தார். லாஜிக் இல்லாத நம்பிக்கை எல்லாம் ஒரே ரகம் இல்லை.

ஷினோனுக்குப் பதினோரு நாள்

1428 மே மாசம், மாமா என்று அவள் கூப்பிடும் துரான் லக்சார் என்ற உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டு, வோகூலேர் கோட்டைத் தலைவர் போத்ரிகூரிடம் போனாள். அவர் சிரித்துவிட்டு, ரெண்டு அறை கொடுத்து இவளை அப்பன் வீட்டில் விட்டுவிட்டு வா என்று மாமாவிடம் சொல்லி அனுப்பினார். 1429 ஜனவரியில் மறுபடி போனாள். விடவில்லை. ஊர் ஜனங்கள் அவளை நம்ப ஆரம்பித்திருந்தார்கள். லொரைன் எல்லையிலிருந்து ஒரு கன்னிப்பெண் வந்து பிரான்ஸைக் காப்பாற்றுவாள் என்று ஏற்கெனவே ஒரு வாக்கு மக்களிடம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜோன் அந்தச் சட்டைக்குள் சரியாகப் பொருந்தினாள்.

கடைசியில் போத்ரிகூர் இறங்கி வந்தார். ஊர்க்காரர்கள் காசு போட்டு ஆண் உடையும் குதிரையும் வாங்கிக் கொடுத்தார்கள். முடியைக் கத்தரித்துக்கொண்டு, ஆறு பேர் துணையோடு, எதிரிப் பகுதி வழியாகப் பதினோரு நாள் பயணம் செய்து ஷினோன் போய்ச் சேர்ந்தாள். சபைக் கூட்டத்துக்குள் மறைந்து நின்ற இளவரசனை முன்பின் பார்க்காமலேயே அடையாளம் கண்டாள் என்ற கதை பிரபலம். அதன் பிறகு தனியாக அவனிடம் ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்பதைக் கடைசி வரை விசாரணையில்கூடச் சொல்லவில்லை. பேசி முடித்து வந்த சார்லஸின் முகம் மலர்ந்திருந்தது என்று பார்த்தவர்கள் பிறகு சாட்சி சொன்னார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சார்லஸ் உடனே படையைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிடவில்லை. பாரிஸிலிருந்து தப்பி வந்திருந்த மதப் பண்டிதர்கள் புவாத்தியே நகரத்தில் இருந்தார்கள். அவர்களிடம் அனுப்பி, சுமார் மூன்று வாரம் கேள்வி மேல் கேள்வி கேட்க வைத்தான். அவர்கள் முடிவு ரொம்ப நிதானமானது. இவளிடம் கெட்டது எதுவும் தெரியவில்லை, ஆனால் கடவுள் அனுப்பினாரா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஓர்லியான்ஸுக்கு அனுப்பிப் பாருங்கள், அதுவே அடையாளம். நம்ம பாஷையில் சொன்னால், தியரியில் முடிவு தெரியாததால் ஃபீல்டு டெஸ்ட் பண்ணச் சொன்னார்கள். தோற்றால் இழப்பு ஒரு கிராமத்துப் பெண். ஜெயித்தால் ஒரு நாடு. அந்த டிசிஷன் கொஞ்சமும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

ஒன்பது நாள்

ஏப்ரல் 29 அன்று உணவு வண்டிகளோடு அவள் ஓர்லியான்ஸுக்குள் நுழைந்தாள். படகுகள் ஆற்றில் மேலே ஏற முடியாமல் எதிர்க்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கவலைப்படாதீர்கள் என்று சொன்ன பிறகு காற்று திரும்பியது. அங்கே தளபதியாக இருந்த, பிறகு துனுவா என்று பேர் வாங்கிய பிரபு, அந்த நிமிஷத்திலிருந்துதான் தனக்கு நம்பிக்கை வந்தது என்று பல வருஷம் கழித்துச் சொன்னார்.

மே 4-ல் சேன் லூ கொத்தளம் பிடிபட்டது. மே 6-ல் ஆகஸ்டீன் மடம். மே 7-ல் பாலத்து முனையில் இருந்த தூரெல் கோட்டை. அன்று கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அவளுக்கு அம்பு பாய்ந்தது. அழுதாள், கட்டுப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் துனுவா படையைத் திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி ஜெபம் பண்ணிவிட்டு வந்து கொடியோடு அகழி ஓரத்தில் நின்றாள். செத்துவிட்டாள் என்று நினைத்தவளைப் பார்த்ததும் ரெண்டு பக்கமும் நடந்ததுதான் விஷயம். பிரெஞ்சு வீரர்கள் ஏணியில் பாய்ந்தார்கள், இங்கிலாந்து வீரர்கள் உறைந்து போனார்கள். மே 8 காலையில் முற்றுகைப் படை கூடாரத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. ஏழு மாசமாக நடந்த முற்றுகை, அவள் வந்து ஒன்பது நாளில் முடிந்தது.

இது மாயமா? இல்லை. முற்றுகை போட்ட இங்கிலாந்து படை சில ஆயிரம் பேர்தான். நகரத்தை முழுசாகச் சுற்றி வளைக்கவே அவர்களால் முடியவில்லை. அவர்களுடைய தளபதி சாலிஸ்பரி பிரபு ஆரம்பத்திலேயே பீரங்கிக் குண்டில் அடிபட்டுச் செத்திருந்தார். ஏப்ரலில் பர்கண்டி படையும் விலகிப் போயிருந்தது. அதாவது பிரான்ஸிடம் ஆள் இருந்தது, ஆயுதம் இருந்தது, துனுவா, லா ஹீர் மாதிரி நல்ல தளபதிகளும் இருந்தார்கள். இல்லாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் நிற்கிறவன் ஓடமாட்டான் என்ற நம்பிக்கை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. எல்லாரும் நின்றால் ஜெயிக்கலாம். ஆனால் மற்றவன் ஓடிவிடுவான் என்று நினைத்தால், நான் முதலில் ஓடுவதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொருத்தனும் புத்திசாலித்தனமாக முடிவு எடுக்க, படை மொத்தமும் சிதறிப் போகும். தொடர்ந்து தோற்ற நாட்டில் இந்த நினைப்பு எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும். இதை ஆர்க்யுமெண்ட் பண்ணி மாற்ற முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை நம்ப வேண்டும், மற்றவர்களும் நம்புகிறார்கள் என்று தெரியவும் வேண்டும். வெள்ளைக் கொடியோடு முன்னால் நின்ற அந்தப் பெண் அந்த வேலையைத்தான் செய்தாள். அவள் நம்பிய காரணம் சரியா தப்பா என்பதற்கு அங்கே இடமில்லை. நம்பிக்கை பரவியதும் அது சரியாகவே ஆகிவிட்டது.

எதிர்ப் பக்கமும் அதே மாதிரிதான். அவள் சூனியக்காரி என்று இங்கிலாந்து வீரர்கள் நம்பினார்கள். 1430-ல் பிரான்ஸுக்குக் கப்பல் ஏற மறுத்த வீரர்களைப் பிடித்துத் தண்டிக்கச் சொல்லி லண்டனில் அரசாணை போட வேண்டி வந்தது. ஒரே பெண், ரெண்டு பக்கமும் ரெண்டு மூடநம்பிக்கை, ரெண்டும் ஒரே திசையில் வேலை செய்தன.

எண்ணெய்க் குப்பி

ஜூன் 18-ல் பாத்தே என்ற இடத்தில், நீள வில்லாளிகள் வேலியாகக் கூர்க்கழி நட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சுக் குதிரைப்படை மேலே பாய்ந்துவிட்டது. அஜின்கோரின் கணக்கு தலைகீழானது. இங்கிலாந்துக்கு ஆயிரக்கணக்கில் இழப்பு. அன்று முன்வரிசையில் போனது லா ஹீர் கூட்டம், ஜோன் பின்னால் இருந்தாள். ஆனால் ஜெயித்த பேர் அவளுக்குத்தான்.

அடுத்து எங்கே போவது? நார்மண்டியைத் தாக்கலாம், பாரிஸுக்குப் போகலாம் என்று ராணுவ மூளைகள் பிளான் சொன்னார்கள். ஜோன் ரைம்ஸ் என்றாள். எதிரிப் பகுதிக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருந்தது அது. எதற்கு? ஒரு எண்ணெய்க் குப்பிக்காக. பிரான்ஸின் முதல் கிறிஸ்தவ ராஜா குளோவிஸின் ஞானஸ்நானத்துக்கு ஒரு புறா வானத்திலிருந்து கொண்டு வந்த புனித எண்ணெய் அங்கே இருப்பதாக ஐதீகம். அதைத் தடவினால்தான் ராஜா ராஜா.

கேட்க சிரிப்பாக இருக்கும். ஆனால் ராணுவ பிளான் எல்லாவற்றையும் விட அதுதான் கூர்மையான பிளான். த்ருவா ஒப்பந்தத்தைக் காகிதத்தால் ஜெயிக்க முடியாது, அது சட்டப்படி போட்ட கையெழுத்து. எண்ணெய் தடவிய ராஜா ஒருத்தன் நின்றால், விவசாயியிலிருந்து பிரபு வரை அந்தக் காகிதத்தை மறந்துவிடுவார்கள். வழியில் த்ருவா உட்பட ஊர் ஊராகக் கதவைத் திறந்துவிட்டது. 1429 ஜூலை 17 அன்று சார்லஸ் ஏழாம் சார்லஸ் ஆனான். கொடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அவள் நின்றாள். குழந்தை ஹென்றிக்கு 1431-ல் பாரிஸில் மகுடம் சூட்டிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

விலை பத்தாயிரம்

அதன் பிறகு இறங்குமுகம். செப்டம்பர் 8 அன்று பாரிஸைத் தாக்கினார்கள், அவள் தொடையில் அம்பு. மறுநாளே ராஜா பின்வாங்கச் சொல்லிவிட்டான். மகுடம் கிடைத்த சார்லஸுக்கு இப்போது அற்புதம் தேவையில்லை, பர்கண்டியோடு சமாதானம் தேவை. அவன் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அவளோ இன்னும் குரல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

1430 மே 23, கோம்பியேன் நகரத்து வாசலில் பின்வாங்கும் படைக்குக் கடைசி ஆளாக நின்றபோது பாலம் தூக்கப்பட்டுவிட்டது. குதிரையிலிருந்து இழுத்துத் தள்ளிப் பிடித்தார்கள். சிறை வைத்த கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்துத் தப்பப் பார்த்தாள், முடியவில்லை. பர்கண்டி தரப்பு அவளைப் பத்தாயிரம் லீவ்ருக்கு இங்கிலாந்துக்கு விற்றது. போர்க் கைதியைக் காசு கொடுத்து மீட்பது அந்தக் காலத்து வழக்கம். அவள் ராஜா ஆக்கியவன் ஒரு காசு கொடுக்கவில்லை.

ரூவான் நகரில் 1431 ஜனவரியிலிருந்து விசாரணை. நடத்தியது பிஷப் பியேர் கோஷோன், பக்கபலம் பாரிஸ் பல்கலைக்கழகம். அன்றைய ஐரோப்பாவின் பெரிய படிப்பாளிகள் எல்லாம் ஒரு பக்கம், வக்கீல் இல்லாத, காலில் விலங்கோடு இருந்த ஒரு கிராமத்துப் பெண் இன்னொரு பக்கம். கடவுளின் அருள் உனக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றால் ஆணவம், இல்லை என்றால் பாவி என்று ஒப்புதல். இல்லையென்றால் கடவுள் தரட்டும், இருந்தால் காப்பாற்றட்டும் என்ற அர்த்தத்தில் அவள் பதில் சொன்னதும் சபை திகைத்துவிட்டது. தினமும் நடந்ததை எழுத்தர்கள் எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

70 குற்றச்சாட்டுகளைச் சுருக்கி 12 ஆக்கினார்கள். மே 24 அன்று விறகு அடுக்கு தெரியும் இடத்தில் நிறுத்தி மிரட்டியபோது பயந்து, குரல்கள் பொய் என்று கைநாட்டு வைத்தாள். நாலே நாளில் மறுபடி ஆண் உடை போட்டு, பயத்தில் சொன்னேன், குரல்கள் உண்மைதான் என்றாள். ஆண் காவலர்கள் இருந்த சிறையில் அந்த உடை அவளுக்குப் பாதுகாப்பும்கூட. மே 30, பழைய சந்தைத் திடலில் எரித்தார்கள். சாம்பலைக்கூட விடவில்லை, சேன் நதியில் கொட்டினார்கள். வயசு பத்தொன்பது. நம்ம செகண்ட் இயர் வயசு.

பிறகு யார் ஜெயித்தது?

1435-ல் பர்கண்டி சமாதானத்துக்கு வந்தது. 1436-ல் பாரிஸ் திரும்பக் கிடைத்தது. அப்புறம் சார்லஸ் செய்தது எல்லாம் அசல் இன்ஜினியரிங். 1439-ல் நிலையான வரி. 1445-ல் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் நிரந்தரப் படை. பியூரோ சகோதரர்கள் ரெண்டு பேர் பீரங்கிப் படையை முறைப்படி கட்டினார்கள். 1450-ல் நார்மண்டி முழுக்க மீண்டது. 1453 ஜூலையில் காஸ்தியோன் சண்டையில் அந்தப் பீரங்கிகள் இங்கிலாந்துப் படையை நொறுக்கின. போர் முடிந்தது. அடுத்த மாசமே இங்கிலாந்து ராஜா ஆறாம் ஹென்றி, கண்ணாடி ராஜாவின் பேரன், பேச்சு மூச்சில்லாமல் மனம் உறைந்து போனார்.

ஆக, போரை முடித்தது குரல் இல்லை, வரியும் பீரங்கியும்தான். ஆனால் 1429-ல் ஓர்லியான்ஸ் விழுந்திருந்தால் வரி வாங்க ராஜா ஏது, பீரங்கி செய்ய நாடு ஏது? லாஜிக் வேலை செய்வதற்குத் தேவையான இருபது வருஷத்தை லாஜிக் இல்லாத ஒரு நம்பிக்கை வாங்கிக் கொடுத்தது. கெமிஸ்ட்ரியில் வரும் ஆக்டிவேஷன் எனர்ஜி மாதிரி. ரியாக்‌ஷன் நடக்கக்கூடியதுதான், ஆனால் அந்த முதல் மேட்டை ஏற ஏதாவது ஒன்று வேண்டும்.

அதற்காக எல்லா நம்பிக்கையும் காப்பாற்றும் என்று கிளம்பிவிடக் கூடாது. ரெண்டு உதாரணம் இருக்கு. ஜோன் பிடிபட்ட பிறகு, அவள் இடத்தில் வைக்க கியோம் என்ற ஆட்டிடைப் பையனைக் கொண்டு வந்தார்கள். கையில் காலில் இயேசுவின் காயம் இருப்பதாகச் சொன்னார்கள். 1431-ல் முதல் சண்டையிலேயே பிடிபட்டு, கட்டிப் பாரிஸ் ஊர்வலத்தில் காட்சிப் பொருளானான். நம்பிக்கையை மேலிருந்து தயாரித்துக் கொடுத்தால் அது ஒட்டவில்லை.

இன்னொன்று பயங்கரமானது. 1856-ல் தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடையே, நோங்காவுசே என்ற சுமார் பதினைந்து வயசுப் பெண், முன்னோர்கள் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள். மாடுகளை எல்லாம் கொன்று, தானியத்தை அழித்துவிட்டால், முன்னோர்கள் எழுந்து வருவார்கள், புது மாடுகள் வரும், வெள்ளைக்காரன் கடலுக்குள் போய்விடுவான். நிலம் பறிபோய், மாடுகள் ஏற்கெனவே நுரையீரல் நோயில் செத்துக்கொண்டிருந்த நேரம். அரசர் சர்ஹிலியே நம்பினார். சுமார் 4 லட்சம் மாடுகள் கொல்லப்பட்டன. 1857 பிப்ரவரியில் சொன்ன நாள் வந்து போனது, எதுவும் எழவில்லை. சுமார் 40,000 பேர் பட்டினியில் இறந்தார்கள். காலனி அரசு மிச்சம் இருந்த நிலத்தையும் எடுத்துக்கொண்டது.

அதே வயசு, அதே மாதிரி குரல், அதே மாதிரி நெருக்கடி. என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்த வரை ரெண்டு. ஒன்று, ஜோனின் குரல் மக்களைக் கையில் இருக்கும் ஏணியை எடுத்து ஏறச் சொன்னது. நோங்காவுசேவின் குரல் கையில் இருக்கும் உணவை அழித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னது. ரெண்டு, ஜோனைச் சின்னதாக ஒரு இடத்தில் டெஸ்ட் செய்து பார்க்க முடிந்தது. மாட்டைக் கொன்ற பிறகு டெஸ்ட் ஃபெயில் என்று தெரிந்து என்ன பயன்? நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதை விட, அது என்ன செய்யச் சொல்கிறது, தப்பாகப் போனால் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இசபெல் ரோமேவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மகள் செத்து இருபத்து நாலு வருஷம் கழித்து, 1455 நவம்பரில், அந்தக் கிழவி பாரிஸ் நோத்ர் தாம் சர்ச்சில் வந்து நின்று மகளின் வழக்கை மறுபடி விசாரிக்கக் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள்: கூட விளையாடிய தோழி, வழித்துணை வந்த வீரன், துனுவா, பழைய எழுத்தர்கள். 1456 ஜூலை 7 அன்று பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தார்கள். சார்லஸும் இதற்கு ஆதரவுதான். சூனியக்காரி கொடுத்த மகுடம் என்ற பேர் அவருக்கும் ஆகாதே. அதிலும் ஒரு கணக்கு. 1920-ல் சர்ச் அவளைப் புனிதை ஆக்கியது.

ஒரு நாகரிகம் ஆபத்தில் இருக்கும்போது, கணக்குக்கு வெளியே போகத் துணிந்த ஒருத்தியின் தோளில் ஏறி மேட்டைக் கடக்கிறது. கடந்ததும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து அவளை நஷ்டத்தில் எழுதிவிடுகிறது. பிரான்ஸ் இன்றைக்கும் ஊருக்கு ஊர் அவளுக்குச் சிலை வைத்திருக்கிறது. அதில் ஒரு சிலைக்கு ஆகும் செலவைக்கூட 1430-ல் யாரும் அவளுக்காகக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே நாம் படிக்கணும்.